சுறா பாவம், மீனவன் பாவியா?

சென்ற பௌர்ணமிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கிரிவலப் பாதையோரத்து மண்டபம் ஒன்றில் கடல் உயிர்களைக் காப்பது பற்றி ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கிற ஆள் நானில்லை. தாராளமாகப் பேசட்டும். ஆனால் பேசியதை எட்டுப் பக்கத்துக்கு அச்சடித்துக் கடை கடையாகக் கொடுத்திருக்கிறார்கள். என் கைக்கும் ஒன்று வந்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரிப்பு வந்தது, இரண்டாம் முறை கோபம் வந்தது. ஆளின் பெயர் இங்கே வேண்டாம். என் வழக்கு அவர் வாதத்தோடுதான்.

அந்த வாதத்தைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுறாவும் திருக்கையும் அழிந்துகொண்டிருக்கின்றன. அழிப்பவர்கள் கடலோரத்து மீனவர்கள். அறியாமையும் பேராசையும்தான் காரணம். ஆகவே எல்லா வகைச் சுறாவையும் திருக்கையையும் பிடிப்பதை அடியோடு தடை செய்ய வேண்டும். மீறுகிறவரைப் புலியைக் கொன்றவரைப் போல உள்ளே தள்ள வேண்டும். கடைசியாக, இது புண்ணிய பூமி என்பதால் நகர எல்லைக்குள் சுறாவும் திருக்கைக் கருவாடும் விற்கக் கூடாது. இவ்வளவுதான்.

இதில் முதல் வாக்கியம் சத்தியமான உண்மை. அதை நான் மறுத்தால் என் வாயில் மண். 2021இல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு, சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிவின் விளிம்பை நோக்கிப் போகின்றன என்றது. காரணமும் தெரிந்ததுதான். சாதாரண மீன் ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடும். சுறாவுக்கும் திருக்கைக்கும் அந்த வசதி இல்லை. அவை பருவத்துக்கு வரவே வருஷக்கணக்கில் ஆகும், சூல் மாதக்கணக்கில் நீளும். பால் சுறா ஈனுவது விரல் விட்டு எண்ணும் அளவுக் குட்டிகள். ஆனைத் திருக்கைக்கு ஒரு பேறுக்கு ஒரே குட்டி. மாடு வளர்க்கிற கணக்குக்கு வாழ்கிற உயிரை மத்தி பிடிக்கிற கணக்குக்குப் பிடித்தால் தீரத்தான் செய்யும்.

இரண்டாவது வாக்கியத்தில்தான் ஐயா தடம் மாறுகிறார். அது சின்ன வழுக்கல் இல்லை, மலையுச்சியிலிருந்து உருளுவது.

1970 முதல் சுறாக்கள் 71 சதவீதம் குறைந்துவிட்டன என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார். அந்த எண் சரி. ஆனால் அது யாரைப் பற்றிய எண்? 2021 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு அது. நடுக்கடலில், திறந்த பெருங்கடலில் திரியும் சுறா, திருக்கைகளைப் பற்றியது. அந்தச் சரிவுக்கு அவர்கள் காட்டிய காரணம், அரை நூற்றாண்டில் மீன்பிடி அழுத்தம் 18 மடங்கு கூடியது. பெருங்கடலில் நாள்கணக்கில் தங்கி, மைல்கணக்கில் தூண்டில் கயிறு விடுகிற கப்பல்களின் கணக்கு இது. விடிகாலையில் போய் வெயில் ஏறுவதற்குள் கரை திரும்பும் பைபர் படகுக்காரர் தலையில் அதைக் கொண்டுபோய்க் கட்டுவது, லாரி மோதிய வழக்கில் சைக்கிள்காரனைக் கூண்டில் ஏற்றுவது போல.

அட்டைப் படம் இன்னும் மோசம். உயிரோடு இருக்கும் சுறாவின் துடுப்புகளை அறுத்துவிட்டு உடலைக் கடலில் தள்ளும் காட்சி. பார்க்கவே வயிறு கலங்குகிறது. ஆனால் அது நம் கரையின் காட்சி இல்லை. துடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உடலை வீசுவது, சுறா இறைச்சிக்கு விலை இல்லாத கப்பல்கள் செய்யும் வேலை. நம்மூரில் சுறாவின் உடலுக்குத்தான் முதல் கிராக்கி. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு கிண்டிப் போடாத கடலோர வீடு உண்டா? என் அக்காவுக்குப் பிரசவமானபோது அம்மா புதுச்சேரிக்கு ஆளனுப்பிப் பால் சுறா வாங்கி வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தின்கிற ஊரில் உடலை யார் வீசுவார்கள்? துடுப்போடு சேர்த்துத்தான் சுறாவைக் கரையேற்ற வேண்டும் என்று மத்திய அரசு 2013இல் சொன்னது. 2015இல் துடுப்பு ஏற்றுமதியையே தடை செய்தது. அதற்குப் பிறகும், 2018 செப்டம்பரில் மும்பையிலும் வெராவலிலும் சுமார் 8,000 கிலோ துடுப்பை வருவாய்ப் புலனாய்வுத் துறை பிடித்தது. எட்டு டன் துடுப்பைக் கிடங்கில் அடுக்கி வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பத் திட்டம் போடுகிறவர் யார்? நிச்சயமாக மூன்று பேர் போகிற படகின் சொந்தக்காரர் இல்லை. ஏற்றுமதி வியாபாரியைப் பற்றி எட்டுப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. பேராசை என்ற சொல் மட்டும் மீனவருக்கு ஏழு இடத்தில் கிடைத்திருக்கிறது.

இப்போது அந்த மாமருந்துக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே அடியில் தடை செய்வது. ஏதோ தாம் கண்டுபிடித்தது போல எழுதியிருக்கிறார். இந்த மருந்தை இந்தியா ஏற்கெனவே குடித்துப் பார்த்துவிட்டது. 2001 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், சுறா, திருக்கை அத்தனையையும் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏற்றியது. புலிக்கும் யானைக்கும் என்ன காவலோ அதே காவல். என்ன ஆயிற்று? காலையில் வலைக்குப் போனவர் மதியம் குற்றவாளியாகக் கரை திரும்ப வேண்டிய நிலை. கடலோரம் கொதித்தது. குமரி மாவட்டத்தில் தூத்தூரும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் தலைமுறையாகத் தூண்டிலில் சுறா பிடித்தே வாழ்ந்தவை. அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. ஐந்து மாதம்கூட முழுதாக ஓடவில்லை. டிசம்பர் 5ஆம் தேதி அரசு பின்வாங்கி, பத்து இனங்களை மட்டும் பட்டியலில் வைத்துக்கொண்டது. முழுத் தடையின் ஆயுள் அவ்வளவுதான். இந்த வரலாறு தெரியாமல் எழுதியிருந்தால் அது சோம்பல். தெரிந்தே விட்டிருந்தால் அதற்கு வேறு பெயர் உண்டு.

எஞ்சிய பத்தின் கதையையும் கேளுங்கள். அந்தப் பட்டியலில் இருந்த ஓர் ஆற்றுச் சுறா, ஆஸ்திரேலியாவிலும் பாப்புவா நியூ கினியிலும் வாழ்வது. சுறா போலத் தோன்றும் திருக்கைதான் உழுவை; பட்டியலில் 'பெரிய உழுவை' என்று குறித்த அறிவியல் பெயர், ஆப்பிரிக்கப் பக்கத்து மேற்கு இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இனத்துக்கு உரியது. நம் வலையில் விழுபவை அதன் உறவுக்காரர்கள். அதாவது, நம் கடலில் இல்லாததற்குக் காவல் போட்டார்கள். இருப்பதற்குப் பெயர் தப்பாகப் போட்டார்கள். கடற்கரையில் எந்தப் பெரியவரைக் கேட்டிருந்தாலும் உழுவை எது, ரம்ப மூக்கு வேளா எது, சுத்தியல் தலைக் கொம்பன் எது, எந்த மாதத்தில் எங்கே வரும் என்று அரை மணியில் சொல்லியிருப்பார். அறியாமை யாரிடம் இருந்தது என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறேன். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள சட்டம் பட்டியலை நீட்டியிருக்கிறது, நல்லதுதான். முதல் அட்டவணை உயிரைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. ஆக, ஐயா கேட்கிற புலித் தண்டனையும் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. அது இருந்தும் பட்டியலில் உள்ள வேளா மீன் ஏன் திரும்பி வரவில்லை என்று அவர் கேட்டிருந்தால், அந்த நூலில் ஒரு பக்கமாவது உருப்பட்டிருக்கும்.

விடை வலைக்குள் இருக்கிறது. சட்டம் தாளில் இனம் பிரிக்கும், வலை பிரிக்காது. நம் நாட்டில் கரைக்கு வரும் சுறா, திருக்கையில் பெரும்பகுதி, வேறு மீனுக்குப் போட்ட வலையில் சேர்ந்து விழுந்தவை. அதிலும் விசைப்படகின் இழுவலை கடலடியை மணிக்கணக்கில் வாரிக்கொண்டு போகிறது. மடியின் அடியில் நசுங்கிக் கிடக்கும் கை நீளச் சுறாக் குட்டிகளும் தட்டு அகலத் திருக்கைக் குட்டிகளும் மற்றப் பொடி மீனோடு கழிசலாகக் கூடையில் விழுகின்றன. அந்தக் கழிசல் மீன் தூளாகிக் கோழித் தீவனத்துக்கும் இறால் பண்ணைக்கும் போகிறது. கருவாட்டு வாசனை ஆகாதவர் வீட்டு முட்டையிலும் கொஞ்சம் கடல் உண்டு.

இந்த இழுவலையை மீனவர் தவம் கிடந்து வாங்கி வரவில்லை. 1950களில் நார்வே உதவியோடு கேரளத்தில் தொடங்கிய திட்டத்தின் வழியில், அரசுகளே மானியம் கொடுத்து விசைப்படகைக் கரைக்குக் கொண்டுவந்தன. கட்டுமரக்காரருக்கும் விசைப்படகுக்கும் 1970களில் கடலில் நடந்தது போர். அந்தப் போரில் பிறந்ததுதான் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக் கூடாது என்றது. பிறகு அது 5 ஆனது. குட்டிகள் வளரும் ஆழமில்லாத கடலைக் காக்க இதைவிட நல்ல சட்டம் வேண்டுமா? சட்டம் கேட்டுச் செத்துப் பிழைத்தவர்களே சிறு மீனவர்கள்தான். சுருக்குமடி, இரட்டைமடி வலைகளுக்கு எதிராகப் படகை மறித்தவர்களும், ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து இந்த வலை நம் கடலில் கூடாது என்று தீர்மானம் போட்டவர்களும் அவர்கள்தான். சோழமண்டலக் கரையின் ஊர்ப் பஞ்சாயத்துகள் வலைகளை இப்படிக் கட்டுப்படுத்தியதை மார்ட்டன் பாவின்க் என்ற டச்சு ஆய்வாளர் கரையில் தங்கியிருந்து பார்த்துப் புத்தகமாகவே எழுதினார். ஹாலந்துக்காரர் கண்ணுக்குப் பட்டது, நூறு கிலோமீட்டரில் இருப்பவர் கண்ணுக்குப் படவில்லை.

சிறு மீனவர் மாசற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. திருக்கைக்கென்றே கடலடியில் கட்டும் திருக்கை வலை இருக்கிறது. கரையோரம் குட்டி போட வரும் தாய்கள் அதில் விழுகின்றன. பால் சுறாக் குட்டிகளைக் கூறு கட்டி விற்பதை நானே பார்த்திருக்கிறேன். இதெல்லாம் குறைய வேண்டும். எப்படிக் குறையும் என்பதில்தான் எனக்கும் அவருக்கும் வழக்கு.

போன மாசியில் கடலூர் தாழங்குடாவில் ஒரு விடிகாலை நின்றிருந்தேன். பைபர் படகு ஒன்று கரையேறியது. வலையில் முறம் அளவுக்கு ஒரு திருக்கை, உயிரோடு. தூக்கும்போது அதன் வயிற்றிலிருந்து மூன்று குட்டிகள் பலகையில் விழுந்தன. உள்ளங்கை அகலம், வால் மட்டும் நூலாக நீளம். படகுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு வார்த்தை பேசாமல் மூன்றையும் வாரிக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி விட்டுவிட்டு வந்தார். தாய் ஏலத்துக்குப் போனது. நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, கேட்காமலே சொன்னார்: "தாயையும் விட்டுடலாம் சார். டீசலுக்கு என்ன பண்றது?"

எட்டுப் பக்கம் தேடியும் கிடைக்காத கேள்வி அந்த ஒரு வரியில் இருக்கிறது. குட்டிகள் பிழைத்தனவோ என்னவோ. ஆனால் அவற்றைக் கடலில் விடும்படி எந்தச் சட்டமும் அவரிடம் சொல்லவில்லை. ஐயாவின் முழுத் தடை நாளைக்கே வந்தால் அங்கே என்ன நடக்கும்? ஏலத்துக்கு வர வேண்டிய திருக்கை, படகிலேயே துண்டாகிப் பைக்குள் போகும். எத்தனை பிடிபட்டது, எவ்வளவு பெரியது, சூலா இல்லையா என்று கரையில் நின்று குறிக்கிற ஆய்வாளருக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்த மூன்று குட்டிகளும் தாயோடு பைக்குள் போயிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. திருக்கையும் உழுவையும் கடலடியில் கிடந்தபடியே மூச்சு வாங்கக்கூடியவை. வலையில் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். விட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம். கொம்பன் சுறா அப்படியில்லை, நீந்த முடியாமல் வலையில் மாட்டினால் சீக்கிரம் செத்துவிடும். செத்த கொம்பனைக் கடலில் திருப்பிப் போடச் சொல்வது சட்டத்தை மட்டும்தான் காப்பாற்றும். ஆகவே உழுவைக்கு ஒரு வழி, கொம்பனுக்கு ஒரு வழி. முதலாவதை விட்டுவிட வேண்டும். இரண்டாவது குட்டி போடும் இடத்தில், போடும் மாதத்தில், அந்த வலையையே கட்டாமல் இருக்க வேண்டும். அந்த இடமும் மாதமும் யாருக்குத் தெரியும்? வலை கட்டுகிறவருக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே தடை என்பவர், மீனவரிடம் இருக்கும் இந்த அறிவைத்தான் முதலில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்.

இது கனவு என்று யாராவது சொன்னால் குஜராத்தைக் காட்டுவேன். சௌராஷ்டிரக் கரையில் ஒரு காலத்தில் திமிங்கலச் சுறாவை ஈரல் எண்ணெய்க்காக நூற்றுக்கணக்கில் வேட்டையாடினார்கள். மைக் பாண்டே எடுத்த ஆவணப்படம் அதை உலகுக்குக் காட்டியது. 2001இல் சட்டக் காவல் வந்தது. அதோடு விட்டிருந்தால் வேட்டை இருட்டில் தொடர்ந்திருக்கும். 2004இல் இந்திய வன உயிர் அறக்கட்டளை மீனவரிடமே போனது. ராமகதை சொல்லும் மொராரி பாபு, அந்தச் சுறா பிரசவத்துக்குப் பிறந்த வீடு வரும் மகள் என்றார். அதற்கு 'வாலி', அன்புக்குரியவள், என்று பெயரே விழுந்தது. முக்கியமானது அடுத்தது: சுறாவை விடுவிக்க வலையை அறுத்தால் அந்த வலைக்கு அரசு பணம் கொடுத்தது. பிடித்த கைகளே அறுத்துவிட்டன. நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்கள் இப்படி உயிரோடு கடலுக்குத் திரும்பின. மொராரி பாபுவின் வார்த்தையும் வேண்டியிருந்தது, வலைக்கு ஈடும் வேண்டியிருந்தது. நம் பேச்சாளர் முதலாவதை மட்டும், அதுவும் திட்டாக மாற்றி, எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாகப் புண்ணிய பூமி. இந்த நகரத்தின் சந்தையில் திருக்கைக் கருவாடு வாங்குகிறவர் யார் என்று ஒருநாள் நின்று பார்க்கட்டும். கூடையிலிருந்து நூறு கிராம், நூற்றைம்பது கிராம் என்று முந்தானையில் முடிந்துகொண்டு போகும் கூலிக்காரப் பெண்கள். அவர்கள் தட்டிலிருக்கும் துண்டைப் பிடுங்கினால் சுறா பெருகாது. தடைக்கு இருப்பவற்றில் எளிய கழுத்து எது என்று தேடிப் பிடித்த திருப்திதான் பெருகும். பௌர்ணமியைப் பற்றி அவ்வளவு உருகியிருக்கிறாரே, பட்டினப்பாலையை ஒருமுறை புரட்டியிருக்கலாம். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சூல் கொண்ட சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வத்தை வணங்கினார்கள், பௌர்ணமி நாளில் கடலுக்குப் போகாமல் ஓய்ந்திருந்தார்கள் என்கிறது அந்த நூல். கிரிவலக் கூட்டத்துக்குப் பௌர்ணமி எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிது இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கடல்காரனுக்கும். மயிலத்து முருகனே மாசி மகத்துக்கு மலையிறங்கிப் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடலுக்குப் போகிறார். உள்நாட்டுச் சாமி கடலுக்குப் போவது மீனவர்களுக்குத் தீட்டுக் கழிக்க இல்லை. அவர்கள் தோளில் ஏறித் தீர்த்தமாட.

நமக்கு உண்மையிலேயே கடல் மீது அக்கறை இருந்தால் செய்ய வேலை இங்கேயே இருக்கிறது. 1958இல் கட்டிய சாத்தனூர் அணையில் நாம் மறித்து வைக்கும் தென்பெண்ணைதான் தாழங்குடாப் பக்கம் கடலில் சேர்கிறது. நன்னீரும் உப்பு நீரும் கலக்கும் இடங்கள் சுறா, திருக்கைக் குட்டிகளுக்குத் தொட்டில். ஆற்றில் மணலை வாரி, ஊர்ச் சாக்கடையைத் திருப்பிவிட்டு, முகத்துவாரத்துக்கு மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் காட்டுகிற நாம், தொட்டிலை உடைத்துவிட்டுப் பிள்ளை பிடிக்கிறவனைத் தேடுகிறோம். அதோடு, 5 கடல் மைல் எல்லையைக் காவல் படகு வைத்துக் காக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடக்கும் 61 நாள் தடைக்காலம் திருக்கையும் சுறாவும் குட்டி போடும் மாதங்களோடு பொருந்துகிறதா என்று மீனவரோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்லலாம். உயிரோடு விட்ட உழுவைக்கும் சூல் திருக்கைக்கும் குஜராத்தைப் போல ஈடு கொடுக்கச் சொல்லலாம். வாங்குகிற நாமும் குட்டிச் சுறாக் கூறைக் கண்டால் விலை கேட்காமல் நகரலாம்.

பட்டியலில் ஒரு மீன் பக்கத்து ஊரின் பெயரையே தாங்கியிருக்கிறது: புதுச்சேரிச் சுறா. 1839இல் பெயர் வைத்தார்கள். உலக அருங்காட்சியகங்களில் இருபதுக்கும் குறைவான மாதிரிகளே உள்ளன. உறுதியாகக் கடைசியாகப் பதிவானது 1979இல். முதல் அட்டவணையில் ஏறியது 2001இல், இருபத்திரண்டு ஆண்டு கழித்து. அது இன்னும் எங்காவது ஒன்றிரண்டு மிச்சமிருந்தால், முதலில் காணப்போவது அமைச்சகமோ பேச்சாளரோ நானோ இல்லை. விடிகாலையில் வலை இழுக்கிற ஒருவர். அவர் அதைப் பார்த்ததும் பயந்து பைக்குள் மறைப்பாரா, தண்ணீருக்குள் இறங்கி விட்டுவிட்டுக் கரையில் வந்து சொல்வாரா என்பதை நாம் அவரிடம் இன்று எப்படிப் பேசுகிறோம் என்பது தீர்மானிக்கும்.

அடுத்த கூட்டத்தை ஐயா தாழங்குடாவில் போடட்டும். நம் பேருந்து நிலையத்திலிருந்து கடலூருக்கு நேர் பேருந்து இருக்கிறது. மூன்று மணி நேரப் பயணம்தான்.